ஊர்த் தண்ணீரை நிறுத்திய நத்தை

1

இந்தக் கதை எனக்குக் குளியலறையில் கிடைத்தது. தலை நிறைய நுரையோடு நின்றிருந்தபோது குழாய் ஒருமுறை செருமிவிட்டு நின்றுபோனது. கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, "எந்தப் புண்ணியவான் வேலை இது?" என்று கத்தினேன்.

"உன் அண்ணி வேலைதான்டா" என்று கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "கத்தாத. என் பாடு அதைவிட மோசம்."

கீழே இருப்பது அண்ணனுடைய சலவைக் கடை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எல்லா மெஷின்களிலும் ஓர் ஓட்டலின் படுக்கை விரிப்புகள் சோப்பு நுரையில் முழுகிக் கிடந்தன. அலச ஒரு சொட்டு இல்லை. அண்ணன் கண்ணாடிக் கதவு வழியாக அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைப்பைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். ஆகவே ஏன் நின்றது என்பதை மூடி மறைத்துப் பிரயோசனமில்லை. ஆனால் கதை அது மட்டுமல்ல.

2

முதல் வரிக்காகப் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

*அன்று காலை ஆறு எதையோ மறைத்துக்கொண்டிருந்த—*

அண்ணி படித்துவிட்டு, "ஆறு எதுக்குத் தம்பி மறைக்கணும்? அது என்ன லஞ்சமா வாங்குச்சு?" என்றார்.

*அவள் விழிகளில் நதியின் ஆழம்—*

(இதை அண்ணியிடம் காட்டத் துணிவில்லை. அண்ணனிடம் காட்டினேன். "உனக்கு வேற வேலை கிடைக்கலையா?" என்றார்.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். அண்ணிக்குக் குடிநீர் நிலையத்தில் வேலை. ஆற்றில் இருக்கும் மீட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லும் மீட்டர் ஒன்று. தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் மீட்டர் இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் நம் கதையில் வருவது. பழைய பாலத்தின் தூணில், நிலையத்துக்கு மேலாற்றில், தண்ணீருக்குள் ஒரு குழாயில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் கண் வழியாக அது வெளிச்சத்தைப் பாய்ச்சும். மண் துகள்கள் இருந்தால் வெளிச்சம் சிதறும். சிதறுவதை எண்ணாக்கி அண்ணியின் திரைக்கு அனுப்பும். கண்ணில் பாசி படியாமல் துடைக்க, கார்க் கண்ணாடியில் இருப்பது போல ஒரு குட்டி வைப்பரும் உண்டு.

அங்கே கலங்கல் வந்தால், கொஞ்ச நேரத்தில் நிலையத்துக்கும் வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மீட்டரே.

3

அது கோடை. வானத்தில் பொட்டு மேகமில்லை. ஊர்த் தொட்டிகளில் இருப்பும் சொற்பம். அண்ணி டீயை வாயில் வைக்கும்போது திரையில் எண் ஏறத் தொடங்கியது. ஏறி, நிற்காமல் இன்னும் ஏறியது.

புதிதாக வந்திருந்த இன்ஜினீயர் பின்னால் வந்து நின்றார்.

[முதல் பிரதியில் இவருக்கு முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கியிருந்தேன். அண்ணி அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். "அவருக்கு மீசையே கிடையாது. நல்ல மனுஷன். சந்தேகப்பட்டாரு, அவ்வளவுதான். எனக்கும் சந்தேகந்தான்."]

"மழை இல்ல. நீரோட்டமும் நேத்து மாதிரியேதான் இருக்கு. மண்ணு எங்கேருந்து மேடம் வரும்? மீட்டர்தான் மக்கர் பண்ணுது."

"இருக்கலாம் சார். ஆனா மேல கரை சரிஞ்சு விழுந்திருந்தா, நீரோட்டம் மாறாமலே மண்ணு வரும்."

"படகுல போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோமே."

"போய்ப் பார்க்கிறதுக்குள்ள அது இங்க வந்து சேர்ந்துரும் சார். வடிகட்டித் தொட்டிக்குள்ள சேறு போயிட்டா, கழுவி எடுக்கவே நாள் கணக்காகும். அத்தனை நாளும் ஊருக்குத் தண்ணி கிடையாது."

"நிறுத்தினாலும் கிடையாதே."

"இன்னைக்கு ஒரு நாள்தான் சார்."

விதிப்படி அந்த இடத்தில் முடிவு அண்ணியுடையது. சுவிட்சை அழுத்தினார். ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்புகள் நின்றன.

(கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். "நடுங்கல. வேர்த்துச்சு" என்று திருத்தினார்.)

4

இங்கே ஒரு மணல் திருட்டுக் கும்பலை வைத்திருந்தேன். லாரிகள், தூசி, படகில் ஒரு துரத்தல். நன்றாகவே வந்திருந்தது. அண்ணி படித்துச் சிரித்த சிரிப்பில் அண்ணனே மாடியேறி வந்து பார்த்தார்.

"நத்தையைப் போடுங்க தம்பி."

"நத்தை கதைக்கு ஆகாது அண்ணி."

"எனக்கும்தான் ஆகல. என்ன பண்றது, அதுதானே இருந்துச்சு."

இருந்தது. பாலத்தூணருகே படகை நிறுத்தி, மீட்டரைக் குழாயிலிருந்து உருவி எடுத்தபோது, வைப்பரின் கைக்கடியில் ஒரு நத்தை இறுகி மாட்டியிருந்தது. பாதி உடம்பு கண்ணாடிக் கண்மேல். சுற்றிலும் தண்ணீர், எண்ணிப் பொறுக்கலாம் போலக் கூழாங்கல் தெரியும் தண்ணீர்.

அண்ணி குனிந்தவர் நிமிரவில்லை. படகுக்காரர் பயந்துபோய், "என்னம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க" என்றார் அண்ணி.

நத்தையை எடுத்து ஆற்றில் விட்டார். கண்ணைத் துடைத்தார். (மீட்டரின் கண்ணை. எழுத்தாளன் என்பதால் வேறு கண்ணையும் சேர்க்கப் பார்த்தேன், விடவில்லை.) நிலையத்துக்குப் போன் செய்தார்.

"சார், தண்ணி தெளிவா இருக்கு. மீட்டர்மேல நத்தை உட்கார்ந்திருந்துச்சு."

"என்ன உட்கார்ந்திருந்துச்சு?"

"நத்தை சார்."

அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறை முழுக்கச் சிரிப்பது படகு வரை கேட்டது.

5

மறுநாளிலிருந்து நிலையத்தில் அவர் நத்தை மேடம். வாயிற்காவலர்கூட, "மேடம், இன்னைக்கு மெதுவா வர்றீங்க" என்றாராம். அண்ணியும் சிரித்துவைத்தார். கடையில் விரிப்புகள் சோப்போடு விறைத்துப் போய், எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. ஓட்டல்காரர் போனில் அண்ணனைப் பிடிபிடி என்று பிடித்தார். அண்ணன் இரண்டு வேளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"ஊருக்குச் சொல்லாம உங்களுக்கு மட்டும் எப்படிங்க சொல்றது?"

அண்ணன் வாயைத் திறந்தார், சோற்றைத்தான் போட்டுக்கொண்டார்.

அன்று அண்ணி மாடிக்கு வந்தார். என் மேசையில் காகிதங்கள். நாற்காலியில் துணி குவிந்திருந்ததால் நின்றபடியே கேட்டார்.

"தம்பி, நான் பண்ணது தப்பா?"

மனித மனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

"தெரியல அண்ணி."

"எனக்கும் தெரியல. சிரிக்கிறதெல்லாம் பரவாயில்ல. அடுத்த தடவை நம்பர் ஏறினா முதல்ல நத்தைதான் நினைப்பு வரும். அதுதான் பயமா இருக்கு."

நாற்காலித் துணியை ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதுவரை இதை நான் வேடிக்கைக் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

6

அந்தக் கோடை முடிவதற்குள் எண் மறுபடி ஏறியது.

அதே தெளிந்த வானம். நீரோட்டத்தில் அதே நேற்றைய வேகம். அறையில் எல்லாரும் திரையைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்.

இன்ஜினீயர் குரலைத் தாழ்த்தினார். "மறுபடியும் நத்தையா மேடம்?"

"தெரியாது சார்."

"இந்தத் தடவை பார்த்துட்டே முடிவு பண்ணலாம். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் உண்மையிலேயே அண்ணிக்காகத்தான் சொன்னார்.

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன. அண்ணி காத்திருக்கிறார், சேறு வந்து வடிகட்டிகளை அடைக்கிறது. வாசகர் பெருமூச்சு விடலாம். அல்லது நிறுத்துகிறார், நிஜமாகவே கரை சரிந்திருக்கிறது. பட்டப்பெயர் உதிர்கிறது, ஓட்டல்காரர் வெட்கப்படுகிறார். அல்லது நிறுத்துகிறார், மறுபடியும் நத்தை. உங்களுக்குச் சிரிப்பு, எனக்கோ அண்ணி கையால் சாப்பாடு கிடையாது.

மூன்றையும் அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"நிறுத்தினேன்னு மட்டும் எழுதுங்க" என்றார்.

"தண்ணி கலங்கியிருந்துச்சா இல்லையான்னு கேப்பாங்களே அண்ணி."

"கேக்கட்டும். நிறுத்தும்போது அது எனக்குத் தெரிஞ்சா நிறுத்தினேன்?"

எனக்கு விடை தெரியும். படகுக்காரர் வாய் சும்மா இருக்காது, ஊருக்கே தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை. கோபித்துக்கொள்ளுங்கள்; இவ்வளவு தூரம் படித்ததற்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சொல்லிவிட்டால், நீங்கள் அந்த விடையை வைத்துத்தான் அவரை எடைபோடுவீர்கள்.

அண்ணி எழுந்தார். இன்ஜினீயரிடம், "என் பொறுப்பு சார்" என்றார். சுவிட்சை அழுத்தினார். பம்புகளின் இரைச்சல் அடங்கி, அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கீழே துறையில் படகுக்காரர் அப்போதுதான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

படகில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது. பார்த்தே தீரவேண்டும் என்றால் ஏறிக்கொள்ளுங்கள்.