பாண்டி ஆடும் வயசு

செல்லியம்மாள், சின்னப்பொண்ணு அம்மாவின் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குக் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவளுடைய போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் காதில் விழும்.

“எழில்மதி அம்மாங்களா? நான் ஜெயசுதா டீச்சர். பொண்ணு பிரேயர்ல மயக்கம் போட்டுட்டா. பயப்படாதீங்க, நல்ல சேதிதான். பெரியவளாயிட்டா. வந்து அழைச்சிக்கினு போங்க.”

பக்கத்துச் சாலில் சோகை உரித்த ராஜாம்பாளுக்கும் கேட்டுவிட்டது. “ஏய், செல்லி மவ ஆளாயிட்டாளாம்டி! இன்னாடி இவ, எழவு சேதி கேட்டவளாட்டம் நிக்கறா. சிரிடி!”

செல்லியம்மாள் சிரித்தாள்.

மகள் தை மாதமே ஆளாகிவிட்டாள். அது தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டும். ஆளான பெண் பஸ் ஏறக் கூடாது என்பது புருஷன் முனியனின் பேச்சு. மூத்தவள் அருள்மொழியை அப்படித்தான் நிறுத்தினான். அவள் இப்போது களமருதூரில், வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நெல் வயலில் களை எடுக்கிறாள். இவளையாவது ஜூனில் கோட்டையில் சேர்த்துவிட்டால், சேர்த்த பிள்ளையை நிறுத்த அவனுக்கு மனசு வராது. செல்லியம்மாள் நம்பியிருந்தது அவ்வளவுதான்.

அதற்காகத் தீட்டுத் துணியைச் சோகையோடு சோகையாகக் கொளுத்தினாள். சட்டையை இரண்டு அளவு பெரிதாக எடுத்தாள். வயிற்றுவலியோடு சுருண்டு படுத்த பிள்ளையை எழுப்பித் தெருவுக்கு அனுப்பினாள். “போய் பாண்டி ஆடு. நாலு பேரு பாக்கற மாதிரி ஆடு.” எழில்மதி பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டியடித்தாள். அந்த நாட்களில் சாமி விளக்கை மட்டும் தொடவிடவில்லை. அந்தப் பயம் செல்லியம்மாளுக்கும் இருந்தது.

அதற்கும் முன்னால் முட்டை. முட்டை தின்றால் சீக்கிரம் உடம்பு வந்துவிடும் என்று ஐந்தாவதிலிருந்தே மத்தியானச் சாப்பாட்டு முட்டையைத் தின்னவிடவில்லை. உளுந்தும் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எழில்மதி ஆபீஸ் ரூம் பெஞ்சில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பாவாடையின் பின்பக்கம் டீச்சரின் துப்பட்டா சுற்றியிருந்தது.

“உடம்புல ரத்தமே இல்லைங்க. முட்டைய தெனம் பக்கத்துப் பொண்ணுக்குக் குடுத்துடறாளாமே, ஏன்?”

“புடிக்காதுங்க அதுக்கு” என்றாள் செல்லியம்மாள். மகள் தரையைப் பார்த்தாள்.

“டீச்சருங்க, இத யாருக்கும் சொல்லாம வுட்டா ஆவாதுங்களா?”

“பிரேயர்ல மொத்த ஸ்கூலும் பாத்துடுச்சேம்மா. இதுல இன்னா வெக்கம்? ஆண்டு விழா டான்ஸ்லேருந்து பேர எடுத்துட்டேன். இனிமே அவ சின்னப்புள்ள இல்ல பாருங்க.”

சாயங்காலம் செல்லியம்மாளின் தம்பி வெற்றிவேல் ரிஷிவந்தியத்திலிருந்து பச்சை ஓலையோடு வந்துவிட்டான். ஆளான பெண்ணை உட்காரவைக்கும் ஓலைக் குச்சு கட்டுவது தாய்மாமன் உரிமை. சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“தம்பி, அடுத்த வாரம் பரீட்சைடா.”

“எட்டாவது வரைக்கும் அவனவனும் பாஸுதான்க்கா. நான்கூட அப்படித்தான் பாஸு. குச்சுல குந்திக்கினே பாஸாயிடும் எம் மருமவ.”

எல்லாரும் சிரித்தார்கள். குச்சுக்குள் தினமும் பச்சை முட்டையை உடைத்து, நல்லெண்ணெய் விட்டு, எழில்மதியின் வாயில் ஊற்றினார்கள். நான்கு வருடமாகத் தின்னாதது. வாந்தி எடுத்தாள். மறுபடியும் ஊற்றினார்கள்.

பதினாறாம் நாள் சடங்கு. ஜெயசுதா டீச்சர் வந்தார். செல்லியம்மாள் அவரை ஓரமாக அழைத்து, ஒன்பதாவதைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசச் சொன்னாள். பந்தியில் உட்கார்ந்ததும் டீச்சர் பேசினார்.

“நல்லா படிக்கிற பொண்ணு. நிறுத்திடாதீங்க.”

“படிக்க வாணான்னு யாருங்க சொன்னது?” முனியன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டான். “கோட்ட பஸ்ஸுல கால் வைக்க எடம் இல்ல. அவனவன் இடிச்சிக்கினு நிக்கறான். நான் வேலய வுட்டுட்டு கூடவே போவ முடியுங்களா? ஒங்க பொண்ணு எதுலங்க போவுது?”

“நான் ஸ்கூட்டில கொண்டுபோய் விடறேன்.”

“அதான் பாருங்க.”

டீச்சர் “ஹாஸ்டல் இருக்கு…” என்றார்.

“பாக்கலாங்க.”

அருள்மொழிக்கும் அவன் “பாக்கலாம்” என்றுதான் சொன்னான். டீச்சர் இலையிலிருந்து எழுந்தால் பேச்சு முடிந்தது. செல்லியம்மாள் கையில் சாம்பார் வாளியோடு பந்தி நடுவில் நின்றாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

“தை மாசமே ஆளாயிட்டாய்யா. மூணு மாசமா பள்ளிக்கூடம் போய்க்கினு வந்துக்கினுதான் இருந்தா. இன்னா ஆயிடுச்சி? ஒண்ணும் ஆவலியே!”

பந்தியிலிருந்து வெற்றிவேலின் பெண்டாட்டி ஜீவா முதலில் எழுந்தாள். “மாசியில எங்க வூட்டுப் படையலுக்கு அதுதான தண்ணி எடுத்தாந்துச்சி? அடிப்பாவி அண்ணி!”

“அப்ப எனக்கு எதுக்குக்கா சொல்லி அனுப்பின?” என்றான் வெற்றிவேல். “ஊரு முழுக்க பத்திரிகை வச்சனே. பொய்க் குச்சு கட்டவா என்ன கூப்ட்ட?”

முனியன் சத்தம் போடவில்லை. “ஒரு பொம்பள புள்ளய வூட்டுக்குள்ளயே எங்கண்ணுக்குத் தெரியாம மறைக்கிறவ நீ. ஒன்ன நம்பி பஸ்ஸுல அனுப்பச் சொல்றியா?” என்றான்.

ஜனங்கள் பாதி இலையில் எழுந்தார்கள். டீச்சர் கூட்டத்தில் செருப்பைத் தேடினார். செல்லியம்மாள் பக்கம் வந்து, “என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார்.

எழில்மதி பட்டுப்புடவையோடு மணையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா சொன்ன?” என்று கேட்டாள். “எங்கிட்ட யாருக்கும் சொல்லாதன்னியே. நான் டீச்சர்கிட்டகூட சொல்லலியே.”

செல்லியம்மாள் குனிந்து இலைகளை எடுக்க ஆரம்பித்தாள். சோறு நிறைய மிஞ்சியிருந்தது.