வால்தெமிரோவின் நிறம்

ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலுக்குள் இருந்த பெண் படிவத்தை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வந்தாள். பெயர், வால்தெமிரோ தோஸ் ரெய்ஸ். வயது அறுபத்து மூன்று. வேலை, கிடங்கு மேற்பார்வையாளர். ஜுசாரா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்பா போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பிரேசிலின் சால்வடோர் வெயிலில் பிணத்தை வைத்துக்கொண்டு யாரும் நாள் கடத்துவதில்லை. மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று சொல்லியாயிற்று. இந்த மரணச் சான்றுக் காகிதம் கையில் இல்லாவிட்டால் கல்லறைக்காரன் உள்ளே விடமாட்டான்.

"நிறம், கறுப்பு. டாக்டர் போட்டிருக்காரு. சரிதானே?"

ஜுசாராவின் தலை ஆடவில்லை.

பக்கத்தில் அம்மா நொயேமியா நின்றிருந்தாள். காலையிலிருந்து மகளிடம் ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது வாயைத் திறந்தாள், அதுவும் ஜன்னலைப் பார்த்து.

"அத இவகிட்ட கேளுங்கம்மா. எங்க வீட்ல யாருக்கு என்ன நிறம்னு இவதான் முடிவு பண்ணுவா."

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டும் என்றுதான் அம்மா சொன்னாள்.

அப்பாவும் மகளும் ஒரே கம்பெனி. நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் கம்பெனி. பத்துப் பேரில் எட்டுப் பேர் கறுப்பர்களாக இருக்கும் அந்த ஊரில், அதன் மேல்மாடியில் ஒரு கறுப்பரை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். அந்த மானக்கேடு பேப்பரில் வந்த பிறகு, டிசம்பருக்குள் மேற்பார்வையாளர்களில் நூற்றுக்கு முப்பது பேர் கறுப்பர்களாக இருப்பார்கள் என்று முதலாளிகள் ஊரறியச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பொறுப்பை ஜுசாராவிடம் கொடுத்து மேல்மாடியில் ஒரு மேசையும் கொடுத்தார்கள். அவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். டிசம்பர் வந்தது. மொத்தம் நானூற்றுப் பத்துப் பேர். நூற்று இருபத்து மூன்று வேண்டும். நூற்று இருபத்திரண்டு இருந்தது.

ஒரே ஒரு ஆள். அவள் வெள்ளையர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள். அதில் அவளைப் பெற்றவரே இருந்தார்.

அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வால்தெமிரோ மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கிடங்குக்குள் எழுத்து வேலை ஒன்று காலியானது. ஆளெடுப்பவன் நல்ல மனுஷன். வெள்ளை என்று கட்டத்தில் போட்டுக் கொடு, மேலே இருப்பவன் காகிதத்தைத்தான் பார்ப்பான், உன்னை வந்து பார்க்கப் போவதில்லை என்றான். வால்தெமிரோ போட்டார். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து கிடங்கு ஆட்கள் அவரை ஜெர்மன்காரன் என்று கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

ஜுசாரா அந்தக் கட்டத்தை மாற்றினாள். ஒரு பொய்யைத் திருத்துகிறோம் என்றுதான் நினைத்தாள். உள்ளதைத்தானே போட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

மார்ச்சில் எல்லா லிஃப்டிலும் அப்பாவின் படம் வந்தது. எங்கள் கறுப்பின மேற்பார்வையாளர், எங்கள் பெருமை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"அந்தக் கட்டத்த நான் போட்டேன். தப்போ சரியோ, முப்பத்தஞ்சு வருஷம் அதுக்கு நான் பதில் சொல்லியிருக்கேன். நீ யாரு அத அழிக்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. ஏப்ரலில், கோடு போட்ட தாளில் கைப்பட ஒரு மனு எழுதிக் கம்பெனியில் கொடுத்தார். தன்னைப் பழையபடி எழுத வேண்டும் என்று இரண்டே வரி. மனு பல மேசைகளைச் சுற்றிக்கொண்டு ஜுசாராவின் மேசைக்கே வந்தது. அதை மேலே அனுப்பினால் கணக்கு உதைக்கும், கம்பெனி ஊரறியச் சொன்னது பொய்யாகும், அவள் வேலையும் போகும். டிராயரில் போட்டுப் பூட்டினாள். ஏழு மாதம் ஆயிற்று. நேற்று அவள் கட்டில் பக்கம் போனபோது அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று காலை அப்படியே போய்விட்டார்.

"மேடம், சரிதானே?" என்றாள் ஜன்னல்காரி மறுபடியும்.

"இல்ல. வெள்ளைன்னு போடுங்க."

அந்தப் பெண் அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தாள். ஜுசாராவின் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல்காரியும் அதே நிறத்துக்காரிதான்.

"நான் கண்ணு தெரியாம எழுதினேன்னு சொல்லுவாங்க மேடம். டாக்டர் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்காரு."

"பார்த்தாரு. கேக்கல. எங்கப்பா வாயால சொன்னது வெள்ளைன்னுதான்."

வரிசையில் யாரோ செருமினார்கள். ஜுசாராவுக்கு முகம் எரிந்தது. மூன்று வருடமாக மேடை மேடையாக ஏறி, நாம் கறுப்பர் என்று சொல்லக் கூசாதீர்கள் என்று பேசியவள் அவள். ஊருக்குத்தான் உபதேசம் என்று இனி யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"ஜுசாரா."

திரும்பினாள். கம்பெனியில் அவள் மேலதிகாரி ஹெய்டர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் டிரைவர் ஒரு பெரிய மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். லிஃப்டில் இருந்த அதே வாசகம் அதன் பட்டையில் பொன்னெழுத்தில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க அதிர்ச்சியில இருக்கீங்க," என்றார் மெதுவாக. "என்ன பேசறோம்னு உங்களுக்கே தெரியல. வாங்க, கொஞ்சம் உக்காருங்க."

தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்தார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேசை இருக்கும், சம்பளம் இருக்கும், பொன்னெழுத்துப் பட்டையோடு அப்பா மண்ணுக்குள் போவார். அம்மா இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் சார் பேசறேன். அப்பா ஏப்ரல்ல ஒரு மனு குடுத்தாரு. தன்னப் பழையபடி வெள்ளைன்னே வைக்கச் சொல்லி. அது என் டிராயர்ல இருக்கு. மாத்தினது நான்தான். அவரக் கேக்காம மாத்தினேன். நம்ம கணக்கு நூத்தி இருபத்திரண்டுதான் சார்."

ஹெய்டர் வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். திங்கட்கிழமை மேலே வாருங்கள், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்று அவள் காதில் மட்டும் விழும்படி சொன்னார். அம்மாவிடம் அனுதாபம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். டிரைவருக்கு வளையத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடினான்.

டாக்டர் இனி ராத்திரிதான் வருவார் என்றாள் ஜன்னல்காரி. பிறகு, குரலைத் தாழ்த்தி, குடும்பமும் டாக்டரும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுக்கத் தன்னால் முடியும் என்றாள். அப்புறம் வந்து திருத்திக்கொள்ளலாம். ஜுசாரா சரி என்றாள். அப்பா கேட்டதை அவளால் இன்றைக்கும் வாங்கித் தர முடியவில்லை.

அம்மா காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். பிறகு நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"வா, நேரமாச்சு," என்றாள் மகளிடம்.

கல்லறைக்குக் கிடங்கு ஆட்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். பாதி ஷிஃப்டில் சொல்லிக்கொண்டு வந்த கூட்டம். பெட்டியருகே முதலில் வந்து நின்றவர் ஆதெமார். அப்பாவோடு அதே வருடம் மூட்டை தூக்க வந்தவர், இப்போது அவரும் மேற்பார்வையாளர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

"ஜெர்மன்காரன என்னன்னு எழுதினாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுதல மாமா. காலியா விட்டிருக்கு."

அவர் தலையாட்டினார். "உன் லிஸ்ட்ல நானும் வெள்ளைதான். தெரியுமா?"

"தெரியும்." டிசம்பரில் அவர் பெயருக்கு நேரேயும் அவள் விரல் ஒரு நிமிஷம் நின்றிருந்தது.

மூடியை முடுக்க ஆள் வந்தான். அம்மா குனிந்து அப்பாவின் காலரைச் சரிசெய்தாள். மூடியைப் போட்டான். ஜுசாரா ஒரு கணம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆதெமார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, திங்கக்கிழமைக்கு அப்புறம் நான் அங்க இருப்பனோ இல்லையோ. உங்க பேருக்கு நேரே என்னன்னு எழுதணும்?"

ஆதெமார் தொப்பியைப் போட்டார், மறுபடியும் கழற்றினார். கறுத்துக் காய்த்துப்போன தன் கைகளைப் பார்த்தார். பெட்டிக்கு ஆறு கைப்பிடி, நான்கில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஐந்தாவதை அவர் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு," என்றார். "நீ இந்தப் பக்கம் பிடி."

அவள் பிடித்தாள். தூக்கியபோது அவள் பக்கம் பெட்டி கொஞ்சம் தாழ்ந்தது. எதிரே நின்ற ஆதெமார் தன் கையையும் தாழ்த்திக்கொண்டு நடந்தார்.