நடு வளையம்

"அமுக்குங்க மச்சான்! இன்னும் பலமா அமுக்குங்க!"

இரண்டு மேசைகளுக்கு நடுவே இருந்த சந்தில் முழங்காலிட்டு, பொம்மைக் கட்டைகளால் கட்டிய விண்கப்பலின் வயிற்றை இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கியபடி கத்தினான் ஸ்கேல். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை. தலைக்கு மேல் பிளாஸ்டிக் கட்டைகள் கிரீச்சிட்டன. ஏதோ ஒன்று 'டப்'பென்று தெறித்து, அவன் காதை உரசிக்கொண்டு போய்த் தரையில் உருண்டது.

"உடைஞ்சிடும்ங்க," என்றது மேலிருந்து மனைவியின் குரல்.

"நீ ஏன் அமுக்கறே? மச்சான் எங்க?"

"இங்கதான் இருக்கேன் மாப்ளே. மேற்பார்வை பார்க்கறேன்."

ஸ்கேல் தலையை வெளியே நீட்டினான். மச்சான் கையை இறுகக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற பெரிய மனிதர் மாதிரி நின்றிருந்தார். மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். பல் டாக்டர். வாய்க்குள் குச்சியை விட்டுக்கொண்டே ஜோக் சொல்லிப் பழகியவர். எதிராளி பதில் பேச முடியாது என்கிற தைரியம் அவருக்கு வாழ்க்கை முழுவதும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கற நேரமா இது? கண்காட்சிக் கதவு திறக்க ஒரு மணி நேரம்கூட இல்ல. கப்பல் ரெண்டு துண்டா கெடக்கு!"

"கடவாய்ப்பல்லைக் கொண்டுவந்து முன்பல் இருந்த இடத்துல சொருகினா உக்காருமா? அமுக்கினா ஈறுதான் கிழியும்."

பக்கத்து மேசையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. ரோபோ. ஆள் உயரத்துக்கு ரோபோ கட்டுவதால் அந்தப் பெயர். போன வருடக் கண்காட்சியில் ஸ்கேலின் மானத்தை வாங்கியவன் அவன்தான். ஸ்கேல் கட்டியிருந்த ரோந்துக் கப்பலில் விமானி அறை சிறுத்துப்போய், உள்ளே உட்கார வேண்டிய குட்டி ஆள் பொம்மையின் தலை கண்ணாடியில் முட்டியது. கடைசியில் ஆளை வெளியே நிறுத்தி வைத்தான். "என்ன சார், பைலட் பின்னாலயே நடந்து வர்றாரா?" என்று ரோபோ ஒரே ஒரு கேள்வி கேட்டான். கூடமே சிரித்தது. அன்றைக்கு ஒட்டியதுதான் 'ஸ்கேல்' என்கிற பெயர். கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவனுக்கு, அளவு தெரியாதவன் என்று பட்டம்! ஒரு வருடமாக அது அவன் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அந்த முள்ளை எடுக்கத்தான் இந்தச் சரக்குக் கப்பல். கண்காட்சிப் போட்டியில் கூட்டுப் பிரிவு. இருவர் ஆளுக்குப் பாதி கட்டிக் கொண்டுவந்து, கூடத்தில் வைத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கதவு திறக்கும்போது சேராமல் கிடந்தால் போட்டியில் கிடையாது. முன்பாதி ஸ்கேலுடையது. பின்பாதி மச்சானுடையது. நடுவில் இரண்டும் ஒரு வளையத்தில் சந்திக்கும்.

அந்த வளையம்தான் இப்போது சந்திக்க மறுத்தது.

"டேப் குடு," என்றான் ஸ்கேல், எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

மனைவி கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். தையல் கடை வைத்திருக்கிறவள். பணம் இல்லாமல்கூட வெளியே கிளம்புவாள், டேப் இல்லாமல் கிளம்ப மாட்டாள். ஸ்கேல் முன்பாதியின் வளையத்தை அளந்தான். பின்பாதியின் வளையத்தை அளந்தான். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தான்.

பின்பாதி மூன்றில் ஒரு பங்கு பெரியது.

"எப்படி?" என்றான். "வரைபடத்துல எல்லாத்தையும் மீட்டர்ல போட்டுக் குடுத்தேனே? நிஜக் கப்பலா இருந்தா வளையம் இத்தனை மீட்டர், கதவு இத்தனை மீட்டர்னு..."

"போட்டுக் குடுத்தீங்க," என்றார் மச்சான்.

"குட்டி ஆளை வச்சு அளந்து சுருக்கிக்கோங்கன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. அவனை வச்சுத்தான் அளந்தது."

ஸ்கேல் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஆளை எடுத்தான். மஞ்சள் முகம், சிவப்புச் சட்டை. முன்பாதியின் கதவருகே நிறுத்தினான். கச்சிதம். குனியாமல் உள்ளே போகலாம். அதே ஆளைப் பின்பாதியின் கதவருகே நிறுத்தினான். கோட்டை வாசலில் வழி கேட்டு நிற்கிறவன் மாதிரி இருந்தான்.

சட்டென்று புரிந்தது.

குட்டி ஆள் மனிதன் மாதிரி இருப்பான், மனிதன் இல்லை. கட்டை குட்டை உருவம். நல்ல தீனி தின்றவன் மாதிரி அகலம். அவன் உயரத்தை நிஜ மனிதனின் உயரத்தோடு ஒப்பிட்டால், கப்பலை நாற்பதில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும் என்று வரும். தோள் அகலத்தைத் தோள் அகலத்தோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கு என்று வரும். ஆள் ஒருவன்தான். அளவு இரண்டு. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் இதை வைத்து வருடக் கணக்காகச் சண்டை போடுகிறார்கள். ஸ்கேல் எப்போதும் உயரக் கட்சி. உலகமே உயரக் கட்சி என்று நினைத்து, எதை அளக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டான்.

"தோளை அளந்திருக்கீங்க மச்சான்! தோளை!"

மச்சான் ஒரு நொடி திகைத்த மாதிரி இருந்தது. கண் ஒரு தரம் தங்கையின் பக்கம் போய்த் திரும்பியது. "அப்படியா? தோளாத்தான் இருக்கும்."

"எவனாவது தோளை அளப்பானா? சவப்பெட்டிக்கு ஆர்டர் குடுக்கிறவன்கூட முதல்ல உயரத்தைத்தான் கேப்பான்! மூளையைக் கழட்டி அலமாரில வச்சுட்டு அளந்திருக்கீங்க!"

"என்னங்க, மெதுவா," என்றாள் மனைவி. டேப்பைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"போட்டோ அனுப்பினீங்களே வாராவாரம்? அதுல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே பதில் தெரிந்துவிட்டது. வெறும் மேசையில் வெறும் கப்பல். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு டம்ளர் இல்லை. அந்தப் படத்தில் கப்பல் கட்டைவிரல் அளவும் இருக்கலாம், கட்டில் அளவும் இருக்கலாம். 'அட்டகாசம் மச்சான்' என்று பதில் போட்டவன் அவன்தான்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு பண்ணலாம். ஆளுங்க எல்லாரையும் வெளிய எடுத்துடுங்க. ஆளே இல்லாத கப்பலுக்கு அளவு ஏது?"

ஜோக்காகச் சொன்னாரோ என்னவோ, ஸ்கேலுக்கு அது பளிச்சென்று பட்டது. பரபரவென்று ஆட்களைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான். விமானி, சமையல்காரர், சரக்கு ஏற்றுகிறவர்கள், எல்லோரும் வேலையிழந்தார்கள். பின்வாங்கி நின்று பார்த்தான்.

ஊஹூம். மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பி இருந்தது. ஏணி இருந்தது. முன்பாதி ஏணியின் படிகள் நெருக்கம். பின்பாதியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஆள் தாவ வேண்டும். ஆளை எடுத்தாலும் ஆளுக்காகச் செய்தவை காட்டிக்கொடுத்தன. முன்னால் மனிதர்கள் ஏறி, பின்னால் ராட்சதர்கள் இறங்குகிற கப்பல்.

"ரெண்டு ஜாதி ஜனம் ஓட்டற கப்பலா சார்?" என்றான் ரோபோ.

"உன் ரோபோக்கு இடுப்பு ஆடுது, அதைப் பாரு!"

அடுத்தது சங்கிலி. பின்பாதியை முன்பாதி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி வைத்தால்? அமைப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டான். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வாக்கிடாக்கியுமாக வந்தவர், "சங்கிலி போட்டா அது ரெண்டு வண்டி. எனக்கு ஒரு வண்டி வேணும்," என்றார். சொல்லிவிட்டு நிற்கக்கூட இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. இடையில் ஒரு புனல் கட்டுவது. ஒரு முனை சின்ன வளையத்தைப் பிடிக்கும், மறுமுனை பெரிய வளையத்தைப் பிடிக்கும். கொண்டுவந்திருந்த உதிரிக் கட்டைகளை மேசையில் கொட்டினான். கடுகும் மிளகும் கலந்த மாதிரி சிதறின.

"மச்சான், உக்காருங்க. நான் மேல் வளைவு, நீங்க கீழ் வளைவு. சின்னத் தகடா எடுத்து ஒவ்வொண்ணா மாட்டிட்டே வாங்க."

மச்சான் நாற்காலியில் உட்காரவில்லை. "அவ போடட்டும். நான் வேணா டார்ச் அடிக்கிறேன்."

"அவளுக்கு என்ன தெரியும்? நீங்கதானே பாதிக் கப்பல் கட்டினீங்க?"

"கண்ணாடியை வீட்ல விட்டுட்டேன் மாப்ளே."

"நெத்தியில ஏத்தி வச்சிருக்கீங்களே, அது என்ன, கிரீடமா?"

மச்சான் நெற்றியைத் தொடவில்லை. பதிலுக்கு ஜோக்கும் வரவில்லை. ஸ்கேல் அவரை முறைத்துவிட்டுக் குனிந்தான். மனைவி எதிரே உட்கார்ந்து தகடுகளை மாட்டத் தொடங்கினாள். கோபத்தில் அவன் ஒன்றைக் கவனிக்கவில்லை: கட்டைகளைத் தேடாமல், தடவித் தடவி, சரியான தகட்டை அவள் முதல் தடவையிலேயே எடுத்தாள். டிக், டிக், டிக். அவனைவிட வேகம்.

புனல் வளர்ந்தது. தூக்கினார்கள். சின்ன வளையத்தில் மாட்டியது. "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ..." பெரிய வளையத்தை நெருங்கியது. கட்டைகளின் குமிழ்கள் ஒன்றையொன்று தொட்டன. ஒரு மூச்சு நேரம், கப்பல் ஒரே கப்பலாக இருந்தது. ரோபோகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

பின்பாதியின் எடை புனலை இழுத்தது. முதலில் ஒரு தகடு வளைந்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு மழை பெய்கிற ஓசையோடு எல்லாம் கொட்டியது. முன்பாதியின் வளையத்தையும் கூடவே பிய்த்துக்கொண்டு.

காலடியில் ஒரு வட்டக் கட்டை மட்டும் சுற்றிச் சுற்றிப் படுத்தது.

அமைப்பாளர் அம்மா வந்தார். பார்த்தார். பெருமூச்சு விட்டார். "ரெண்டு தனி மேசையா பார்வைக்கு வச்சுக்கோங்க சார். போட்டியில எடுத்துக்க முடியாது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம்னு சொல்லாதீங்கம்மா." சொன்னது மச்சான். ஸ்கேல் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரலை அவன் இதுவரை கேட்டதில்லை. "இந்த வருஷமே எடுத்துக்கோங்க. பரிசு வேணாம். பேரை மட்டும் ரெண்டு பேரோடதா ஒரே அட்டைல போட்டு ஒட்டுங்க. தயவு பண்ணுங்க."

"ரூல் சார். நான் என்ன பண்ணட்டும்?" அவர் முகத்திலும் சங்கடம்தான். போய்விட்டார்.

மச்சான் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

கதவு திறந்தது. கூட்டம் உள்ளே வந்தது. ஸ்கேல் தரையில் உட்கார்ந்து கட்டைகளைப் பொறுக்கினான். கூட்டத்தின் செருப்புகள் அவன் விரல்களைத் தாண்டித் தாண்டிப் போயின.

"உங்க அண்ணனால எல்லாம் போச்சு," என்றான். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போன் பண்ணி, உயரமா தோளான்னு கேட்டிருந்தா? பல்லுல நூலிழை இடைவெளியைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது தெரியலையாம்! வேணும்னே கெடுத்த மாதிரி இருக்கு."

"அண்ணனைத் திட்டாதீங்க."

"பின்ன யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டுங்க." அவளும் தரையில் உட்கார்ந்தாள். "ஒரு ஆளை அளக்கச் சொன்னா நான் தோள்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன். இத்தனை வருஷமா கை தானா அங்கதான் போகுது. உங்க குட்டி ஆளுக்கும் அங்கதான் போச்சு."

அவன் பொறுக்குவதை நிறுத்தினான்.

"அண்ணி ஊர்ல இல்ல, அண்ணனுக்குச் சமைச்சு வச்சுட்டு வரேன்னு ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போவேனே? சமைக்கப் போகல. பின்பாதி முழுக்க நான் கட்டினது. அண்ணன் பக்கத்துல உக்காந்து எதை எங்க வைக்கணும்னு சொல்லுவாரு. அவ்வளவுதான்."

ஸ்கேலுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. "எதுக்கு? அவர் கட்டறதுக்கு என்ன கேடு? என்னைவிட நல்லாக் கட்டற கை அது!"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அண்ணன் திரும்பி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் போகிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அந்தக் கை இப்போ நிக்க மாட்டேங்குதுங்க. நடுக்கம். நரம்பு டாக்டரு ஏதோ ஒரு பேர் சொன்னாரு, கூடிக்கிட்டேதான் போகுமாம், குறையாதாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. போன மழைக்காலத்துலேர்ந்து அண்ணன் ஒரு பல்லைக்கூடத் தொடலை."