மலைக்கு ஒரு சுத்து

ஒடுகத்தூரில் வசந்தி தன் டூல்ஸ் கடை ஷட்டரைத் தூக்கும்போதே ராஜவேலு வாசலில் நின்றுகொண்டிருந்தான். மலைமேல் நெல்லிவாசலிலிருந்து முதல் ஜீப்பில் இறங்கி வந்தவன், டீகூடக் குடிக்கவில்லை. அவள் நிதானமாகச் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தான்.

"நட்ட அளவா இறுக்கறதுக்கு டார்க் ரென்ச் ஒண்ணு வேணுங்கக்கா. இருக்கறதுலயே பெருசா குடுங்க."

"இன்னா வண்டிக்கு?"

"பைக்குதாங்க. நூறு சிசி."

"பைக்குக்கு எதுக்குண்ணா அவ்ளோ பெருசு? யானைய கட்டப் போறீங்களா?"

பெரியதென்றால்தான், இறுக்கினால்தான் உறுதி என்பது அவன் எண்ணம். அந்த எண்ணம்தான் அவனைக் கெடுத்தது. நெல்லிவாசல் பக்கத்துக் கல் ரோட்டில் வண்டி குலுங்குகிற குலுக்கலில் நட்டெல்லாம் கழன்றுகொள்ளும். அதனால் அங்கே யார் ஸ்பேனரைத் தொட்டாலும் இறுகின பிறகு இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். மலைக்கு ஒரு சுத்து என்று அதற்குப் பேர். போன மாசம் ஆயில் மாற்றியபோது ஆயில் வடிக்கிற அடிப் போல்ட்டுக்கு அவனும் அந்தச் சுத்தைக் கொடுத்தான். உள்ளே மரை தேய்ந்துபோனது தெரியவில்லை. பாதி வழியில் போல்ட் விழுந்து, ஆயில் பூராவும் ஒழுகி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

வண்டியில் போனது அவன் மனைவி சிவசங்கரி. மலை ஊர்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து மருந்து கொடுக்கிற சுகாதாரத் திட்டத்தில் ஒப்பந்த வேலை அவளுக்கு. சொந்த வண்டி இருந்தால்தான் வேலை; ரிப்பேர் செலவும் சொந்தம்தான். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து வாங்கும்வரை மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்வந்தாள். இன்னொரு தடவை வண்டி நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேலாளர் போனில் சொல்லிவிட்டார். அப்போதும் அவள் புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே வசந்தி இரண்டு ரென்ச்சுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று நீளமாக, கனமாக இருந்தது. மற்றது அதில் பாதி.

"இந்தப் பெருசு லாரிக்கு, டிராக்டருக்கு. இதுல இறுக்கற அளவு ஆரம்பிக்கறதே நாப்பதுலதான். உங்க ஆயில் போல்ட்டுக்கு முப்பதுகூட வேணாம். வெச்ச அளவு வந்தா 'டிக்'குனு சத்தம் வரும்; இதுல அது வர்றதுக்குள்ள திரும்ப மரை போய்டும். சின்னது பத்துலேர்ந்து எம்பது வரைக்கும். ஆயில் போல்ட்டும் அதுக்குள்ள அடங்கிடும், சக்கரத்து நட்டும் அடங்கிடும்."

"நான் பெருசுதான கேட்டேன். பேசாம எடுத்துக் குடுத்திருக்கலாமேக்கா."

"குடுத்திருக்கலாம். அப்புறம் உங்க வூட்டம்மா மறுபடியும் நடக்கணுமே."

பக்கத்து இரும்புப் பிடியில் ஒரு போல்ட்டை மாட்டி, ரென்ச்சில் அளவைத் திருகி வைத்து அவன் கையில் கொடுத்தாள். இழுத்தான். 'டிக்' என்றது. கை நிற்கவில்லை, பழக்கதோஷத்தில் தாண்டிப் போனது.

"அய்யோ, அங்கியே நிக்கணும்ணா!"

"மலைக்கு ஒரு சுத்து..."

"மலையும் வேணாம், மடுவும் வேணாம். சத்தம் வந்தா கைய எடுங்க. கழலுதான்னு வாரத்துக்கு ஒருவாட்டி பாருங்க, போதும். போல்ட்ட கழட்ட மட்டும் இத எடுக்காதீங்க. அதுக்கு பழைய ஸ்பேனரே இருக்கட்டும்."

அவன் தப்பாமல் செய்கிறவரை அவள் விடவில்லை. ராஜவேலு பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தான். "நீங்க நல்லா இருக்கணும்க்கா. சாமை அறுத்ததும் ஒரு பை கொண்டாந்து தர்றேன்" என்றான்.

"கல்லு பொறுக்கிக் கொண்டாங்க. போன வருசம் ஒருத்தர் குடுத்ததுல பல்லே போயிருக்கும்."

மறுநாள் காலை வீட்டு வாசலில், இன்ஜின் வேலைக்குப் பிறகு முதல் தடவையாக ஆயிலை வடித்துவிட்டு, புது வாஷர் வைத்துப் போல்ட்டைப் பூட்டினான். சிவசங்கரி எதிரில் குந்தியிருந்தாள். 'டிக்' என்றது. அவன் கை ரென்ச்சை விடவில்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுச்சுங்க. வுடுங்க."

"பத்துமா சங்கரி? பயமா கீது."

"பத்தும். அந்தக்கா சொல்லிச்சில்ல?"

விட்டான். புது ஆயிலை ஊற்றி, வண்டியை உதைத்து ஓடவிட்டு, அடியில் அட்டையை விரித்து இருவரும் தலை சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"அந்தக்காவுக்குப் புண்ணியமாப் போவும்" என்றான். "உனக்கும்தான். ஒரு வார்த்த திட்டலியே நீ."

"இப்ப திட்டவா?" என்று சிரித்தாள்.

அன்று திங்கட்கிழமை. வாராவாரம் வண்டியைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்கள் கொடுத்த ஸ்டிக்கர் வண்டியின் முகப்பில் இருந்தது. 'திட்ட வாகனம்' என்ற பச்சை எழுத்தின்மேல் தெறித்திருந்த ஆயிலை அவள் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனை நீட்டிப் பார்த்தாள்.

"ரென்ச்சு, ஆயில் டப்பால்லாம் தெரியுதுங்க. சாமான் எதுவும் படத்துல வரக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

அவன் எல்லாவற்றையும் வாரிச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தான்.

"உங்க நெழலும் வுழுது. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

ராஜவேலு கரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். படத்தில் ஸ்டிக்கர் பளிச்சென்று விழுந்தது. அதன் கீழே அவள் வழக்கமான வரியைத் தட்டினாள்: 'திட்ட வாகனம் நல்ல நிலையில் உள்ளது.'