சாலையோரப் பலகையில் ஒரு பிறந்தநாள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பள்ளி முதல்வர்களுக்கு மாணவர் தகவல் காப்புச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி என் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது, பெயர்களை விட்டுவிட்டு இதைச் சொன்னாள். பெயரில்லாமல் எப்படி எழுதுவது? பெயர்களை நானே வைத்துக்கொண்டேன். அவள் ரெனாட்டா ஹ்ருஷ்கா, கதையில் வரும் பள்ளி முதல்வர் வெண்டல் ஓல்ட்மன்ஸ்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சோளக்காட்டு நடுவே இருந்த அந்தப் பள்ளியில்...'

[அடித்துவிட்டேன். ஊர் தெரிந்துவிடுமோ என்று பயம். இங்கே எந்தப் பள்ளிதான் சோளக்காட்டு நடுவே இல்லை என்பீர்கள். பயம் அதையெல்லாம் யோசிக்குமா?]

2

வெண்டல் போனில் மூச்சிரைத்தார்.

"சட்டக்காரம்மா, ஒருத்தன் கூப்பிட்டான். நம்ம ஸ்கூல்ல படிக்கிற பொண்ணு ஒருத்தியோட அப்பனாம். அவளைப் பத்தின பதிவெல்லாம் பாக்கணுமாம், வீட்டு விலாசம் உள்பட."

"அவ அம்மா என்ன சொல்றாங்க?"

"அவன் அடிக்குப் பயந்து ஓடி வந்தவம்மா அவ. இது ரகசியச் சட்டந்தானே? போடான்னு சொல்லி வச்சிரட்டுமா?"

எல்லா முதல்வர்களும் இந்தச் சட்டத்தைப் பூட்டு என்றே நினைக்கிறார்கள். பெற்றவர்களுக்கு அதுவே சாவி, பிள்ளையின் பதிவுகளைப் பார்க்க உரிமை தருவதும் அதே சட்டம் என்பதை ரெனாட்டாதான் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியிருக்கும்.

"அவனுக்கு உரிமை இல்லைன்னு கோர்ட் உத்தரவு ஏதாவது இருக்கா, வெண்டல்?"

"இல்ல. கோர்ட்டுக்குப் போனா அவன் மூஞ்சியைப் பாக்கணுமேன்னு அவ போகல."

"அப்படின்னா சட்டப்படி அவனும் பாக்கலாம்."

"நல்லா இருக்கும்மா உன் சட்டம்! இதுக்குப் பேரு பாதுகாப்பா?"

"கேளுங்க. காட்டறதுக்கு நாப்பத்தஞ்சு நாள் வரைக்கும் அவகாசம் இருக்கு. மறுக்காதீங்க, அவசரமும் படாதீங்க. அந்த அம்மாவை இன்னிக்கே உத்தரவு வாங்கக் கோர்ட்டுக்கு அனுப்புங்க. நான் கிளம்பி வர்றேன்."

[இந்த இடத்தில் ரெனாட்டாவை நான் நம்பவில்லை. இவ்வளவு நிதானமா? கேட்டேவிட்டேன். "பூட்ஸைக் கால் மாத்தி மாட்டிக்கிட்டு நின்னேன். போன்ல கால் தெரியாதே" என்றாள்.]

3

நெடுஞ்சாலையிலிருந்து பள்ளிக்குத் திரும்பும் முனையில், எழுத்துகளை மாற்றி மாற்றிச் செருகும் பெரிய பலகை. அதில் 'இனிய பிறந்தநாள்'. அடியில், அந்தச் சிறுமியின் முழுப்பெயர். ரெனாட்டா வண்டியை நிறுத்தாமலே கத்திவிட்டாள்.

உள்ளே மதியச் சாப்பாட்டுக்கான சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் பட்டை மணக்கும் சின்னமன் ரோல் ரொட்டியும் மணத்தன. வெண்டல் தன் அறையில் இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியைப் பெருமையாகக் காட்டினார்.

"அலமாரி கிடக்கட்டும். அவ பேரை எங்கேயும் போடக்கூடாதுன்னு அம்மா எழுதிக் கொடுத்தாங்களா?"

"கொடுத்தா. நான் அவ பேரை யாருக்குக் கொடுத்தேன்?"

"ரோட்டுல எழுதி வச்சிருக்கீங்களே!"

"அது பிறந்தநாளும்மா! எல்லாப் பிள்ளைக்கும் போடறதுதான். அது முன்னாடி அவளை நிக்க வச்சு எடுத்த படத்தைப் பள்ளியோட இணையப் பக்கத்துல..."

[இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.]

தேடிக் களைத்தவனுக்குத் தமுக்கடித்து வழி சொன்னவர் தாமேதான் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. கோட்டுகூடப் போடாமல் ஏணியோடு பலகைக்கு ஓடினார். உறைபனியில் ஒட்டிக்கொண்ட எழுத்துகளை நகத்தால் பெயர்த்தார். திட்ட வாய் திறந்த ரெனாட்டா, ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

4

முடிவு, ஒன்று: அந்தத் தாய் நடுங்கிக்கொண்டே நீதிபதி முன் நிற்கிறாள், உத்தரவு கிடைக்கிறது. அவன் வந்ததும் வெண்டல் அதை எடுத்து நீட்டுகிறார். எழுதிப் பார்த்தேன். சினிமா மாதிரி இருந்தது.

முடிவு, இரண்டு: பள்ளி விடும் நேரம். வெளிமாநில எண்ணுள்ள கார் ஒன்று என்ஜினை அணைக்காமல்

[மாட்டேன்.]

வேறு வழியின்றி ரெனாட்டாவிடமே போனேன். "அப்புறம் என்னதான் ஆச்சு? அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

சுருக்கென்றது. எழுதுகிறவன், அக்கறையில் கேட்கிறேன் என்றேன்.

"அந்த அப்பனும் போன்ல சத்தமெல்லாம் போடலையாம். அக்கறையாத்தான் கேட்டானாம், பொண்ணு நல்லா இருக்காளா, எங்க இருக்கான்னு" என்று சொல்லிவிட்டு ரெனாட்டா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதனால் இதை இங்கேயே நிறுத்துகிறேன். நீங்கள் நல்லவராகத்தான் இருப்பீர்கள். ஆனால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாதே.