வரித்தாள் போய்ச் சேர்ந்த வீடு

1

இப்போதெல்லாம் எவனும் எதையும் கையில் கொடுப்பதில்லை. "அனுப்பிட்டோம்" என்கிறான். எங்கேடா என்றால், "உங்க அட்ரஸுக்குத்தான்" என்கிறான். அந்தச் சொல்லின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை. பெரிய காரணம் வேறு இல்லை. படிப்பும் குறைவு, வளைத்துச் சொல்ல வராது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் மூடிக்கிடந்தது, இஸ்திரிக்காரரின் மனத்தைப் போல…'

சீ. சலவைக்கூடத்தில் ஜன்னலே கிடையாது.

மறுபடியும்: ஆஸ்பத்திரித் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர், வருஷ நடுவில் ஓட்டல் சலவைக்கூடத்துக்கு வேலை மாறினார். அங்கே கணக்குப் பார்க்கும் பெண் கூப்பிட்டாள்.

"பழைய இடத்துத் தாள் வேணும் ஐயா. இந்த வருஷம் அங்க எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தான் இங்க சரியாப் பிடிக்க முடியும். இல்லேன்னா கூடுதலாப் போயிடும்."

"அவன் பிடிச்சதுக்கு நான் சாட்சி கொண்டாரணுமா?"

"ஆமா." (இங்கே அவளைச் சிரிக்கவைத்துப் பார்த்தேன். சிரிக்கிற பெண் இல்லை அவள்.) "ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். உங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்."

அந்த 'வீடு' மகனுடையது. வார்த்தை தடித்து, இவர் பெட்டியோடு வெளியேறி இரண்டு வருஷம் ஆகிறது. முகவரியை மாற்றும்படி ஆஸ்பத்திரியில் இவர் சொல்லவே இல்லை. இப்போது இருப்பது தனி அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு. கதவைத் தட்டுகிறவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் மட்டும்.

3

மருமகளை எப்படி எழுதுவது? முதலில் அவள் நாக்கில் தேள் கொடுக்கை வைத்தேன். படிக்கிறவர்களுக்கு அதுதான் ருசி. ஆனால் அவள் அப்படியில்லையே.

நான் மணியை அடித்து

(அடித்துவிட்டேன், வரியை. கதை அவருடையது.)

அவர் மணியை அடித்தார். மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் போனார்.

"உள்ள வாங்க மாமா."

"நேரமில்ல. எனக்கு ஏதோ தாள் வந்திருக்காமே."

எடுத்து வந்தாள். உறை பிரிக்கப்படவில்லை. அதோடு இரண்டு வருஷமாக அவர் பெயருக்கு வந்ததெல்லாம் ரப்பர் பேண்டுக்குள் இருந்தது, மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரம் உட்பட.

"குப்பைம்மா இது. எதுக்குக் கட்டி வெச்சிருக்க?"

"நான் போடத்தான் போனேன். 'அவர் குப்பைய அவரே வந்து தூக்கிப் போடட்டும்'னு உங்க பிள்ளதான் சொல்லிட்டாரு."

அது அதட்டலா, அழைப்பா? எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை. வரித்தாளை மட்டும் உருவிக்கொண்டு படியிறங்கினார். கட்டு அவள் கையிலேயே இருந்தது.

4

முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் மகன் படியேறி எதிரே வருகிறான், இருவரும் அழுகிறார்கள். கிழித்துவிட்டேன், அந்தக் குடும்பத்தில் அழுது பழக்கமில்லை. இன்னொன்றில் அறைக்குத் திரும்பிச் செத்துப்போகிறார். அதற்கு அவருக்கு அவசரமில்லை.

ஆகவே, மறுநாள் நடந்ததோடு நிறுத்துகிறேன்.

5

கணக்குப் பெண் தாளை வாங்கிக்கொண்டு, புதுப் படிவத்தை நீட்டினாள்.

"இதுல இப்ப இருக்கிற அட்ரஸ எழுதிடுங்க ஐயா. அடுத்த தாள் நேரா உங்க கைக்கு வந்துடும். எங்கயும் அலைய வேண்டாம்."

பேனா மூடியைத் திறந்தவர் நிமிர்ந்தார்.

"பழைய அட்ரஸயே எழுதினா?"

"அங்கதான் போகும். நீங்க போய் வாங்கிக்கணும்."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

அவர் என்ன எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை. கட்டம் இதோ:

[                                        ]

உங்களிடம் பேனா இருக்கும்.

அவர் பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, ஆவி பறக்கும் கூடத்தைப் பார்த்து நடந்தார். "என் குப்பைய நானே வந்து தூக்கிப் போடணுமாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அதை அழைப்பென்று அவர் இன்னும் நம்பவில்லை.