நடுவில் யாரும் கை வைக்காத வேலி

என் கணவர் ஃபெர்னானுக்கும் அவர் தம்பி ஆன்செல்முக்கும் பேச்சு நின்றது ஒரு குதிரையால். மாமனாரை அடக்கம் செய்த வாரமே, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உழவுக் குதிரையை இவர் கசாப்புக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாதென்று இரண்டு வீட்டுக்கும் நடுவே ஹார்ன்பீம் உயிர்வேலி வைத்தார்கள். எங்கள் ஆர்டென் மலைமேட்டில் எல்லோரும் வளர்க்கிற மரம்தான். ஆனால் பொது வேலி என்றால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டுமே! அதனால் அவரவர் எல்லைக்குள் அவரவர் வரிசை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒவ்வொரு கோடையிலும் அவரவர் வெளிப்பக்கத்தை மட்டும் கத்தரிப்பார்கள். கையை உள்ளே நீட்டினால் எல்லை தாண்டியதாகிவிடும் என்று அந்த ஒரு முழத்தை இருவருமே தொட்டதில்லை. வீம்பிலும் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்.

வேலி கூரை உயரம் வளர்ந்தது. சதுப்பிலிருந்து வரும் மழைக்காற்றை அதுதான் தடுத்தது. அது இல்லாமல் என் வீட்டில் ஒரு குளிர்காலத்தைத் தள்ள முடியாது.

ஃபெர்னான் இலையுதிர்காலத்தில் இறந்துபோனார். பிப்ரவரியில் ஒரு காலை, ஆன்செல்ம் மரம் அறுக்கும் மெஷினோடு வந்து தன் வரிசையை அடியோடு அறுக்க ஆரம்பித்தான். நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

"யாரைப் பாக்கக் கூடாதுன்னு இத வெச்சேனோ, அந்த ஆளே போயிட்டான். இன்னும் எதுக்கு இது?" என்றான்.

காற்றைப் பற்றிச் சொன்னேன். உங்கள் வரிசைதான் நிற்கிறதே என்றான். என் வரிசை உள்பக்கம் வெயில் படாமல் இலையே இல்லை, அவன் வரிசையில் சாய்ந்துதான் நின்றது. அது அவனுக்கும் தெரியும். வயிறெரிந்து திட்டிவிட்டு வந்தேன். லியேஜ் நகரத்திலிருந்து மகள் நதேஜ் போனில், போதும், இங்கே வந்துவிடு என்றாள். சரி என்று சொல்லிப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

அறுத்த மரங்கள் விழவில்லை. மேலே கிளைகள் பின்னிக் கிடந்ததால் அப்படியே நின்றன. காயட்டும், கோடை முடிவில் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கிறேன் என்று ஆன்செல்ம் விட்டுவிட்டான். ஹார்ன்பீம் போன வருட இலையைப் பழுப்பாகவே வசந்தம் வரை வைத்திருக்கும். அதனால் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.

மே மாதம் பழுப்பு உதிர்ந்தது. என் வரிசை துளிர்த்தது. பின்னாலிருந்த அவன் வரிசையும் துளிர்த்தது.

கண் கோளாறு என்றே நினைத்தேன். தெருவைச் சுற்றிக்கொண்டு அவன் முற்றத்துக்குள் போய் மண்டியிட்டேன். மெஷின் சிக்காமலிருக்க அடியில் ஒரு துண்டையே வெட்டி எடுத்திருந்தான். அடிக்கட்டைக்கும் மேலே நின்ற மரத்துக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது. கீழே வெறும் காற்று, மேலே பச்சைப் பசேலென்று இலை. கிளைகளை விலக்கி உள்ளே பார்த்தேன். யாரும் தொடாத அந்த ஒரு முழத்தில் இரண்டு வரிசைக் கிளைகளும் காற்றில் உரசி உரசிப் பட்டை தேய்ந்து, சதையோடு சதையாக ஒட்டிப்போயிருந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. தேவாலயத்தில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

ஆன்செல்மின் கதவைத் தட்டினேன். அவன் வந்து தரையில் படுத்து, அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"இது எங்கேர்ந்து தண்ணி குடிக்குது?"

"உங்க அண்ணன் மரத்துலேர்ந்து."

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது என் முகத்தைப் பார்க்காமல், ஆகஸ்டில் இரண்டு பக்கமும் தானே கத்தரித்து விடுவதாகவும், நான் ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னான்.

"ஏணி பிடிக்க நான் இங்க இருந்தாத்தானே? கெழவி லியேஜுக்குப் போறான்னு பேக்கரியில பெருமையா சொன்னது நீதான?"

தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"போகாதீங்க, அண்ணி."

காபி குடிக்க வா என்று மட்டும் சொன்னேன். வந்தான். எங்கள் வாசலுக்கு எந்தப் பக்கமாக வருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் முன்னால் நடந்தேன்.